அந்தத் தாலியை யார் சுரண்டுவது?

பீங்கான் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கூடவே, பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸ் ஏன் வெடிக்கிறது என்பதைப் பற்றி எழுதினால் உபயோகமாக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். எழுத மாட்டேன். அது உங்கள் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அங்கே புரியாதவர்களுக்கு நான் எழுதினால் மட்டும் புரிந்துவிடப் போவதில்லை. சூளைக்கு வெளியே நிற்கிற மனுஷர்கள் வெடித்தால் என்ன செய்வது என்றுதான் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த ஒரு சின்ன யூனிட்டில் நான் சூப்பர்வைசர். ஊறுகாய் ஜாடி, ஃப்யூஸ் கட்டை, சாம்பிராணிக் கிண்ணம் இவைதான் எங்கள் பிழைப்பு. வேலை தற்காலிகம். அதாவது மேனேஜருக்கு எந்தக் காலையில் என்னைப் பிடிக்கவில்லையோ அந்தக் காலையில் நான் வீட்டுக்குப் போகலாம். மேனேஜர் நல்லவர்தான். எதற்கும் முடிவு சொல்வதற்கு முன்னால் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவார். பொடி போடாமல் சொன்னால் அது முடிவு அல்ல, வெறும் கோபம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

இந்த 'தற்காலிகம்' என்ற சொல் என்னைவிட இன்னொருவரை அதிகம் உறுத்தியது. திட்டக்குடிப் பக்கத்து மங்களூரில் ஒரு விவசாயி. அவருடைய பெண்ணை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் முகூர்த்தம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு விருத்தாசலம் வரும்போதெல்லாம் எங்கள் கேட்டில் வந்து நிற்பார். என்னை நலம் விசாரிக்க மாட்டார். நேரே மேனேஜரைப் பார்த்து, "பர்மெனன்ட் ஆயிடுச்சுங்களா?" என்பார். இல்லை என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. அதனால் அந்தத் துண்டு உதறலைக் கேட்டாலே ஜாடிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அப்போதுதான் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். அவருக்கு இலங்கையில் ஃபேன்சி சாமான் கடை. வருஷத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. மேஜையில் ஒரு போட்டோவை வைத்தார். அனுராதபுரத்தில் இசுருமுனிய என்று பாறையைக் குடைந்து கட்டிய பழைய புத்தர் கோயில். அதன் சிற்பம் ஒன்றை அச்சு எடுத்தாற்போல பீங்கானில் செய்து தர வேண்டும், வெசாக் பண்டிகைக்குக் கூட்டம் வரும்போது விற்க வேண்டும் என்றார்.

"பாறைக்கு அடியில குளம் இருக்குது சார். குளத்து ஓரத்துப் பாறையிலேயே யானைங்க குளிக்கிற மாதிரி செதுக்கி வச்சிருக்கான். தண்ணி அசைஞ்சா யானையும் அசையுது. அல்லா மேல ஆணையா, நான் ஒரு நாள் பயந்து பின்னால நவுந்துட்டேன்" என்றார் பாய்.

முதலில் அந்த யானைகளைத்தான் செய்தோம். சூளைச் சூட்டில் தும்பிக்கைகள் இளகி வாய்க்குள்ளேயே போய்விட்டன. வெளியே வந்தது நல்ல கொழுத்த பன்றிக் கூட்டம். "யானைன்னு நாம சொன்னா யானைதானே?" என்று மேனேஜர் பாயிடம் கேட்டுப் பார்த்தார். பாய் ஒன்றை ஒரு விரலால் தள்ளிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டாவது போட்டோ காதலர் சிற்பம். ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் ஒரு பெண். அவள் ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறாள். அந்த ஊரில் அதற்கு ஒரு கதை சொல்வார்களாம். அவன் ராஜா மகன். அவள் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெண். நாடு வேண்டுமா அவள் வேண்டுமா என்று அப்பா கேட்க, நாட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவளோடு போய்விட்டான். பாய் இந்தக் கதையை எனக்கும் மேனேஜருக்கும் சொல்லிவிட்டு, "கல்லுல எப்படி இருக்குதோ அப்படியே வேணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கும்புடப் போறவங்க வாங்குற சாமான். வெரலு ரொம்ப முக்கியம்" என்றார்.

அவர் போனதும் மேனேஜர் பொடி போட்டார். "தம்பி, இந்த ஆர்டர் உம் பொறுப்பு. நல்லா முடிஞ்சா பர்மெனன்ட். முடியலன்னா வேற எடம் பாத்துக்க." பொடி போட்டுச் சொன்னதால் அது முடிவு. கதையை வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லட்டுமா என்று கேட்டேன். "கதை சொன்னா கை நிக்கும். வேலைய மட்டும் சொல்லு" என்றார்.

மாடல் நன்றாக வந்தது. அச்சும் நன்றாக வந்தது. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளை ஃபினிஷிங் பெண்களிடம் கொடுத்தோம். பச்சை என்றால் இன்னும் சுடாதது என்று அர்த்தம், நிறம் அல்ல. போன மாதம் உங்களில் ஒருவர் கேட்டதால் சொல்கிறேன். அச்சு சேர்ந்த இடத்தில் விழும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, ரேக்கில் காயவைப்பது அவர்கள் வேலை. அவர்களுக்குத் தலைவி தனபாக்கியம் அக்கா. பட்டம் எதுவும் கிடையாது. அவர் எழுந்தால் எல்லாரும் எழுவார்கள், அவர் உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து, களிமண்ணோடு அரைத்துச் சேர்க்கும் வெள்ளைக்கல் வாங்க என்னைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று சூளையில் அடுக்க வேண்டிய நாள். காயவைக்கும் அறைக்குள் போனேன். ரேக் முழுக்க ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிட்டே போய் ஒன்றைக் கையில் எடுத்தேன். மடியில் இருந்தவள் கழுத்தில் மெல்லிய களிமண் கயிறு. அதன் நுனியில் சின்னதாக ஒரு பொட்டு. தாலி. அடுத்ததை எடுத்தேன், தாலி. அதற்கடுத்ததும் தாலி. நான் ஊரில் இல்லாத நேரத்தில் ரேக்கில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

"அக்கா, என்னக்கா இது?"

தனபாக்கியம் அக்காவுக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. "ஆம்பள மடியில ஒரு பொம்பளப் புள்ள உக்காந்துருக்குது. கழுத்துல ஒண்ணும் இல்ல. அச்சு எடுக்கறவங்க மறந்துட்டாங்கன்னு நாங்களே போட்டுட்டோம். எப்பிடிங்க தம்பி இருக்குது, நல்லா இல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். இரண்டு விதத்திலும் தாலி இருந்தது. பொடி டப்பாவைத் திறந்தார்.

"சுரண்டிடுங்க" என்றார்.

சுரண்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. பச்சை மண், கத்தி நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆனால் அறையில் ஒரு கையும் அசையவில்லை. ஒவ்வொருத்தியும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு தனபாக்கியம் அக்காவைப் பார்த்தாள்.

"கட்டுன தாலிய அறுக்கச் சொல்றீங்களா சார்?" என்றார் அக்கா. "நாங்க புருசன் புள்ளைங்களோட இருக்கறவங்க. அந்தப் பாவம் எங்களுக்கு வேணாங்க."

"ஏம்மா, இது மண்ணும்மா!"

"புள்ளையாரும்தான் மண்ணு. அவர ஒதைப்பீங்களா?"

 இப்படி யாராவது கேட்டால் மேலதிகாரிகள் என்ன செய்வார்கள் என்பதை நீங்களும் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சுரண்டுய்யா. உனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆவலியே!"

அவர் நியாயம் அவருக்கு. கல்யாணம் ஆகாதவனுக்குத் தாலி பயம் எதற்கு? ஆனால் இன்னும் கட்டவே கட்டாதவன் எடுத்த எடுப்பில் ஒரு ரேக் தாலியை அறுத்துவிட்டுப் போய் மணையில் உட்காருவதா? எனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் இல்லை என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்தவன்தான் நான். கத்தியைக் கையில் வாங்கினேன். ஒரு ஜோடியை எடுத்தேன். கத்தி நுனியை அவள் கழுத்துக்குக் கொண்டுபோனேன். கத்தி அங்கேயே நின்றது.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. பெண்ணைப் பெற்ற மங்களூர் மாமா. மேனேஜர் ரூமில் ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "என்னாம்மா பண்றாங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

தனபாக்கியம் அக்கா பொய் சொல்லி அறியாதவர். "தாலி அறுக்கறாருங்க" என்றார்.

மாமாவின் முகம் சுருங்கியது. வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. "எம் பொண்ணு கழுத்துல கட்டப் போற கையி" என்று மட்டும் சொன்னார். துண்டை உதறவும் இல்லை. அதை மார்போடு பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

நான் பொம்மையை ரேக்கில் வைத்தேன். கத்தியையும் வைத்தேன். "என்னால முடியாது சார்" என்றேன். வீரமெல்லாம் இல்லை. அழுகை வராமல் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லி முடித்ததே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

"அப்ப சாயங்காலத்துக்குள்ள ஒரு வழி சொல்லு. இல்லன்னா உன் கணக்க முடிச்சிக்க" என்றார் மேனேஜர். அதற்குப் பொடி போட்டாரா இல்லையா என்று கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். இந்தப் பக்கம் மேலதிகாரி, அந்தப் பக்கம் வேலையாட்கள், நடுவில் நீங்கள். அப்போது எவன் சொல்வது சரி என்று யோசிக்க ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். யார் எதைத் தங்களால் முடியவே முடியாது என்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மேனேஜரால் தாலியோடு பொம்மையைப் பாயிடம் கொடுக்க முடியாது. அக்காவால் தாலியை அறுக்க முடியாது. பொம்மையே இல்லாமல் போகக் கூடாது என்று இரண்டு பேரும் சொல்லவில்லையே! யோசித்துக்கொண்டே நடந்தவன் கூழ்த்தொட்டியில் இடித்துக்கொண்டு நின்றேன். பச்சையில் உடைந்த சாமான்களைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்து, திரும்பவும் கூழாக்கி அச்சில் ஊற்றுவது நம் தொழிலில் தினமும் நடப்பது. அன்றைக்கும் இரண்டு ஜாடிகள் அதில் கரைந்துகொண்டிருந்தன.

ஓடிப்போய்க் கேட்டேன். "அக்கா, அறுக்க வேணாம். கரைச்சிட்டா?"

அக்கா யோசித்தார். "ரெண்டு பேரயும் சேத்தா?"

"சேத்துத்தான். தாலியோட."

"அப்ப சரிங்க தம்பி. மணிமுத்தாறுல புள்ளையார வுடற மாதிரி. மகராசி சுமங்கலியா போறா."

தாலி போனால் சரி என்றார் மேனேஜர். அறை முழுக்க முந்தானைகளிலிருந்து கைகள் வெளியே வந்தன. ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து தொட்டியில் இறக்கினார்கள். ஒருத்தி குலவையிட்டாள். இன்னொருத்தி எங்கிருந்தோ குங்குமத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் போடப் போனாள். மேனேஜர் தன் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் ஸ்டேஷனில் நின்ற கூட்ஸ் வண்டியே கிளம்பியிருக்கும். வெள்ளைக் கூழில் சிவப்புச் சாயம் விழுந்தால் தொட்டியோடு நாசம்தானே! நான் பாய்ந்து கையைப் பிடித்து, குங்குமத்தைத் தொட்டியின் வெளிச்சுவரில் வைக்கச் சொன்னேன். அவள் பெரிய பொட்டாக வைத்தாள். எல்லாருக்கும் திருப்தி.

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மறுபடி வார்த்த பொம்மைகளுக்கு மறுபடி தாலி ஏறினால்? "கட்டாதீங்க" என்று சொன்னால் என் முதுகுக்குப் பின்னால் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் டீ நேரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, மேனேஜர் சொல்ல வேண்டாம் என்ற கதையைச் சொன்னேன். ராஜா மகன், ஒதுக்கப்பட்ட பெண், விட்டுக்கொடுத்த நாடு, எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ராச்சியத்தயே வுட்டவன் ஒரு தாலி கட்டாமயா இருந்துருப்பான்?" என்றார் தனபாக்கியம் அக்கா.

"அதானே!" என்றது கூட்டம். கதை சொல்லி நானே கெடுத்துக்கொண்டேன். மாடலைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். அவள் உயர்த்திய விரல் கண்ணில் பட்டது.

"அக்கா, இவ எதுக்கு வெரலக் காட்டறா?"

அக்கா மாடலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளைப் போலவே தானும் விரலை உயர்த்திப் பார்த்தார். "வேற என்னா? 'மொதல்ல தாலியக் கட்டு, அப்பறம் கொஞ்சு'ங்கறா."

"கட்டிட்டா?"

"கட்டிட்டா எதுக்கு வெரலு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "அப்ப இன்னும் கட்டல" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஏய், அந்தப் புள்ள வாயத் தொறந்து கேட்டுக்கினு இருக்குது. அவன்தான் கட்டணும். நாம யாருடி குறுக்க?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கழுத்தில் ஒரு தூசி விழவும் அவர்கள் விடவில்லை. அந்த விரலைப் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

சூளை ஏற்றியாகிவிட்டது. வெளியே நானும் வெந்துகொண்டிருந்தேன். மங்களூர் மாமா சம்பந்தம் வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வந்தார். கேட்டிலேயே அவரைத் தனபாக்கியம் அக்கா பிடித்துக்கொண்டார். நான் ஜாடிகளுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க பாதியில போயிட்டீங்க. மீதியக் கேளுங்க. வேல போயிடும்னு மெரட்டுனாங்க. அந்தத் தம்பி ஒரு தாலியக்கூட அறுக்கல. கத்தியக் கீழ வச்சிட்டு முடியாதுன்னு நின்னுச்சு. மண்ணுப் பொம்மைக்கே இப்பிடி நிக்கற புள்ள, உங்க வூட்டுப் பொண்ண வுட்டுடுமா?"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சூளை தெறக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவருக்குச் சகுனம்தான் சாட்சி.

சூளை திறக்கிற அன்று காலையிலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். பாய், மேனேஜர், மாமா, ஃபினிஷிங் பெண்கள் அத்தனை பேரும். சூளை திறப்பதைப் பொங்கல் போலப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற நாள். முதல் ஜோடியை நானே வெளியே எடுத்தேன். வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை. எடுத்ததும் கண் விரலுக்குத்தான் போனது. விரல் இருந்தது. உயிர் வந்தது. அப்புறம் மேலே பார்த்தேன். ராஜா மகனுக்கு மூக்கு இல்லை.

அடுக்கும்போது நெருக்கி வைத்துவிட்டார்கள். கிளேஸ் உருகி அவன் முகம் பக்கத்து ஜோடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது மூக்கு அங்கேயே தங்கிவிட்டது.  அதை ஓரமாக மணலில் வைத்தேன். 

பாய் வேட்டியை மடித்துக்கொண்டு சூளை வாசலில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக வாங்கினார், விரலைத் தொட்டார், கழுத்தைத் தடவினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றை ஒதுக்கினார். மற்றதெல்லாம் பழுதில்லை. கடைசியில் எழுந்து, "நான் பாத்த கல்லு இதுதான் சார். வெரல மட்டும் அங்க இருக்கறதவிட நல்லா செஞ்சுட்டீங்க" என்றார். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேனேஜர் பொடி போட்டார். "தம்பி, ஆபீசுல வந்து ஆர்டர் வாங்கிக்க. பர்மெனன்ட்டு" என்றார். இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அது என் காதில் சரியாக ஏறவில்லை. நான் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எந்த நல்ல பொம்மையையும் பார்க்கவில்லை. நேரே மணல் பக்கம் போனார். குனிந்து, மூக்கு போன அந்த முதல் ஜோடியைக் கையில் எடுத்தார். ராஜா மகன் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். தனபாக்கியம் அக்கா வாய்க்குள்ளேயே ஏதோ சாமியைக் கூப்பிட்டார்.

மாமா பொம்மையைத் திருப்பி, மடியில் இருந்தவளைத் துண்டு நுனியால் துடைத்தார். கன்னம், கழுத்து, உயர்த்திய விரல் வரைக்கும் ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு மூக்கு போனா போவுது" என்றார். "பொண்ணுக்கு ஒண்ணும் ஆவல இல்ல? முகூர்த்தத்தப் பாருங்க."